வாய் இடது, கை வலது

ஜூன் 3

அன்புள்ள உனக்கு,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். எழுதினால் முழுசும் படித்துத்தானே ஆக வேண்டும்? அதனால் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி உனக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்று மகள் சொன்னாள். வருகிறேன். நீ அவள் வீட்டுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது, இதற்குக்கூட வராவிட்டால் எப்படி? இடியிடம்தான் இன்னும் லீவு கேட்கவில்லை. கேப்டனுக்கு அந்தப் பெயரை வைத்தவன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். நேற்றுகூடப் படகில் பயணிகள் முன்னால், "சுக்கான் பிடிக்கிறியா, மாவு பிசையறியா?" என்று கத்தினார். இருபத்திரண்டு வருஷமாக வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மூளைக்காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவருக்குச் சில நேரம் இடம் வலம் குழம்புகிறது. வலது என்று நினைத்துக்கொண்டு இடது என்கிறார். கட்டளையைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சுக்கானைத் திருப்ப வேண்டும் என்பது எங்கள் விதி. என் வாய் "இடது பத்து டிகிரி" என்று சொல்லும். கை வலப்பக்கம் திருப்பும். இரண்டு வருஷமாகப் படகு இப்படித்தான் கரை சேர்கிறது. அவருக்கே தெரியாது. நான் இல்லாத நாளில் என்ன ஆகுமோ தெரியவில்லை. இதைச் சொல்ல இந்தக் குவார்ட்டர்ஸ் அறையில் ஒரு ஆள் இல்லை.

அன்புடன்,
உன் சுக்கான்காரன்

ஜூன் 7

என் அன்புக்குரிய உங்களுக்கு,

முழுசும் படித்தேன், போதுமா? எனக்கு மூன்று வரி, உங்கள் இடிக்கு ஒரு பக்கம். கல்லை எடுக்கப்போவது என் வயிற்றிலிருந்து என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டால் என்ன? கடித்தா தின்றுவிடுவார்?

"அப்பா வருவாராம்மா?" என்று மகள் கேட்டாள். "வருவார்டி" என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 16

அன்புள்ள உனக்கு,

நீ கண் விழித்தபோது நான் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்ததாம். மகள் சொன்னாள். நீ மயக்கத்தில் இருந்தாய், படகுத்துறையிலிருந்து போன் வந்தது, என்னால் உட்கார முடியவில்லை, கிளம்பிவிட்டேன்.

என் இடத்தில் நின்றவர் பக்கத்துத் துறைக்காரர், மூன்று பிள்ளைக்காரர். இடி "இடது இருபது" என்றாராம். அவரும் "இடது இருபது" என்று சொல்லி இடப்பக்கமே திருப்பியிருக்கிறார். படகு கல்சுவரில் மோதிவிட்டது. ஒன்பது பேருக்கு அடி. ஒரு அம்மா இனி நடப்பது சந்தேகம் என்கிறார்கள்.

"நான் வலதுன்னுதான் சொன்னேன், இந்தாளு காதுல என்ன பஞ்சா?" என்று இடி சாதிக்கிறார். பொய் இல்லை, அப்படித்தான் நம்புகிறார். மேலிடமும் அவரைத்தான் நம்புகிறது. ஜூலை இரண்டாம் தேதி விசாரணை. நான் வாயைத் திறந்தால் இடியும் நானும் போவோம். திறக்காவிட்டால் அந்த மனுஷன் போவார். நீ என்ன சொல்கிறாய் என்று ஒரு வரி எழுது.

உன் சுக்கான்காரன்

ஜூலை 3

அன்புள்ள உனக்கு,

உன் வரி வரவில்லை. நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செய்து காட்டச் சொன்னார்கள். மேஜைமுன் நின்று, வாயால் இடது சொல்லிக்கொண்டே வெறும் கையை வலப்பக்கம் திருப்பிக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துத் துறைக்காரர் தப்பினார். என் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள்.

இடி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமாவா? என்கிட்ட ஏன்பா சொல்லலை?"

"பயமா இருந்துச்சு சார்."

"டாக்டரைப் பாத்திருப்பேனேப்பா" என்றார். நான் அழுதுவிட்டேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறேன். இனி யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. பதினெட்டாம் தேதி உன்னிடமே வந்துவிடுகிறேன்.

உன்னுடைய நான்

ஜூலை 9

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் உண்மையைச் சொன்னது எனக்குப் பெருமை. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் கேப்டன் கேட்ட கேள்வியைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நானும் அதைத்தானே செய்தேன்? நீங்கள் வருகிறேன் என்று எழுதுவீர்கள். "வருவார்" என்று என் வாய் மகளிடம் திருப்பிச் சொல்லும். கை இரண்டு பேருக்கு மட்டும் சமைக்கும். உங்களுக்குத் தெரியவிட்டதே இல்லை. நீங்களும் குடும்பம் ஒழுங்காகத்தான் போகிறது என்று இருந்துவிட்டீர்கள். அதில் பாதித் தப்பு என்னுடையது.

ஏன் சொல்லவில்லை என்று நாளைக்கு நீங்களும் கேட்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் அந்த நாற்காலியைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. உங்களுக்காகக் காத்திருக்கிற பழக்கம் என்னை விட்டுப் போய்விட்டது, எப்போது என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் நல்லவர். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

பதினெட்டாம் தேதி இங்கே வர வேண்டாம். ஏதோ வருத்தத்தில் எழுதியிருக்கிறாள், வரத்தான் சொல்கிறாள் என்று திருத்திப் படிக்காதீர்கள். எழுதியிருப்பதைத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா