மச்சான் பதுளைக்குப் போய் வந்தது

1976 மார்ச் 9
பொம்மியக்கா, இன்று உன் கருமாதி முடிந்தது. வடை நன்றாக இருந்ததாம். ஆறாவது பிரசவத்தில் நீயும் பிள்ளையும் போய்விட்டீர்கள். தோட்டத் தலைவர் கந்தப்பன் எழுந்து, "மாதர் சங்கத்துக்குத் தூணா இருந்த புள்ள" என்று பேசினார். ஜப்பானில் ஒரு அம்மா, பெறுவதும் நிறுத்துவதும் பெண்ணின் இஷ்டம் என்று போராடிப் பாராளுமன்றம் வரை போனதை, சங்கக் கூட்டத்தில் கேட்டுவந்து லயம் லயமாக, வீட்டு வரிசை ஒன்று விடாமல் சொன்னாயே. "அந்தா போவுது ஜப்பான் மந்திரி" என்று சிரித்ததும் தலைவரின் இதே வாய்தான்.

மார்ச் 11
தேயிலைக் கொழுந்து எடுத்தேன். நீ பறிக்கும் செடி வரிசையில், உன் நிரையில், வேறு ஆள். கங்காணிக்குத் துக்கமெல்லாம் நிரை காலியாகக் கிடந்ததுதான்.

மார்ச் 14
உன் புருஷன் ரெங்கசாமி மச்சான், இஸ்திரி போட்ட சட்டையோடு தலைவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். தாயில்லாத ஐந்து பிள்ளைகளுக்காக என்னைக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். பிள்ளைகளுக்காகத்தான். வேறு ஒன்றுக்கும் இல்லை, பாவம். "கொழுந்தியா இருக்கறப்ப வெளியில பொண்ணு தேடுவாங்களா" என்கிறாள் அம்மா.
அஞ்சாவதுக்கு அப்புறம் ஆபரேசனுக்கு எவ்வளவு கெஞ்சுன. ஆஸ்பத்திரியில புருசன் சம்மதம் வேணும்னாங்க. "என் மானம் போயிரும்"னு ஒக்காந்த எடத்துல ஒக்காந்திருந்த மனுசன் — வெட்டுறது ஒன் வயித்தத்தானே, அவருக்கு என்ன வலிச்சுச்சு?

மார்ச் 15
உன் கடைசிப் பயல் என் சேலையைப் பிடித்தபடி தூங்கினான். விரலைப் பிரித்துப் பார்த்தேன். விடவில்லை.

மார்ச் 17
மச்சானும் தலைவரும் மறுபடி வந்தார்கள். பதில் சொன்னேன். "வர்றேன் மச்சான். ஆனா அஞ்சு புள்ள போதும். பதுளை ஆஸ்பத்திரியில ஆம்பளைக்கும் ஆபரேசன் செய்றாங்க. செஞ்சுக்கிட்டு வாங்க, அப்புறம் தாலி வாங்கலாம்."
அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மச்சான் கூரையைப் பார்த்தார். தலைவர்தான் பதறினார்: "ஆம்பளைக்கா? பெறகு தேயிலைச் செடியக் கவ்வாத்து வெட்டப் பெலம் இருக்குமா?"
"ஒங்களுக்கு ஒம்பது புள்ள தலைவரே. நீங்க கவ்வாத்துக் கத்தியத் தொட்டு நான் பாத்ததில்லையே."
தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்கள்.

மார்ச் 25
மச்சான் வரவில்லை. பிள்ளைகள் மட்டும் வருகிறார்கள், சோற்று நேரத்துக்கு. நான் தோற்றுவிடுவேனோ?

ஏப்ரல் 2
மச்சான் பதுளையிலிருந்து வந்த பசறை பஸ்ஸை விட்டு இறங்கிக் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். சைக்கிளில் விழுந்துவிட்டாராம். இந்தத் தோட்டத்தில் யாரிடம் சைக்கிள் இருக்கிறது? லயமே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது.
"வலிக்குதா மச்சான்?"
"கொஞ்சம்."
கஞ்சி வைத்துக் கொடுத்தேன். சித்திரை பிறந்ததும் மாரியம்மன் கோயிலில் தாலி. லயத்தில் நீ இருந்த அறையை, உன் காம்பராவைக் கூட்டிவிட்டு வந்தேன். உன் சேலைகளை மடிக்கக் கை வரவில்லை.
அக்கா, எனக்காக பஸ் ஏறுன இந்தக் காலு, நீ கெஞ்சுனப்போ எங்க போயிருந்துச்சு?