நாற்பது மலைக்கு ஒரே ஆள் போதாது

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் சுகம். முதலில் என் மானக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வார்கள். ஒரு வாரமாக உன் அக்காவுக்கு நான் மலையாக இருக்கிறேன். கட்டிலில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, வெள்ளை விரிப்பால் முகம் வரைக்கும் மூடிக்கொண்டு ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். சர்க்கரை கேட்டு வந்த மாடி வீட்டு அம்மா அந்தக் கோலத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். நான் எழுந்து உட்கார்ந்து, "சர்க்கரை மேல் தட்டுல இருக்கும்மா" என்றேன். அவள் அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது.

விஷயம் இதுதான். உன் அக்கா பிரெஞ்சுக் கையேடுகளை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்துவந்த பம்ப் கம்பெனியை மூடியபோது, இனி புத்தகம் மொழிபெயர்க்கப் போகிறேன் என்று அவள் சொன்னாள். நீ போனில், "உனக்கு அதெல்லாம் ஒத்துவராதுக்கா, பேசாம விட்டுரு" என்றாய். அன்றைக்கு நின்றதுதான் உங்களுக்குள் பேச்சு. நான் பஞ்சாயத்துக்கு வரவில்லை. செய்தி மட்டும் சொல்கிறேன். அவளுக்கு ஒரு புத்தகம் மாட்டியது! மலையேறுகிறவர்களுக்கு வழி சொல்லும் பிரெஞ்சுப் புத்தகம். மொத்தம் நாற்பது மலை. மாதிரிக்கு ஒரு மலையை ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். சரியாக வந்தால் முழுப் புத்தகமும் அவளுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள்.

பம்ப்பில் ஒரு திருகுக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். மலை அப்படியில்லையாம். இரண்டு சிகரத்துக்கு நடுவே சாவகாசமாகத் தாழ்ந்து ஏறுகிற இடம் பிரெஞ்சில் 'கோல்'. முகட்டைக் கோடரியால் கொத்தியதுபோல ஒடுங்கிய வெட்டு 'பிரெஷ்'. உன் அக்கா முதலில் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'பாஸ்', அதாவது கணவாய், என்றே எழுதிவிட்டாள். எழுதிவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டாள். மலையை நேரில் பார்த்தவளா அவள்? நம் ஊரில் உயரமானது தண்ணீர்த் தொட்டிதான். கடைசியில் என்னைப் படுக்கப் போட்டாள். என் முழங்கால்களுக்கு நடுவே இருந்தது கோல். விரிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பிரெஷ். "இதுல மாடு போகும், அதுல ஆளே ஒருக்களிச்சுத்தான் போகணும்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். பிரெஷ்ஷுக்கு மட்டும் 'நாட்ச்', அதாவது வெட்டு, என்று மாற்றினாள். என் தோளில் மட்டும் சிக்கல் இல்லை. மலைக்கும் தோள் உண்டாம், அதை இரண்டு மொழிக்காரர்களும் தோள் என்றே சொல்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துடன் உறவை முறித்துக்கொண்டவன் நான். வண்டிக்கு சீட் தைக்கிற இந்த உடம்புக்குள் இத்தனை படிப்பு இருக்கிறது என்று யாருமே சொல்லவில்லையே!

நேற்றுதான் பரீட்சை. அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். மலையேறுகிற ஒருத்தரை உட்காரவைப்பார்கள். அவர் அந்த மலையைப் பார்த்திருக்கக் கூடாது. மொழிபெயர்த்ததை மட்டும் படித்துக் காட்டுவார்கள், அவர் கேட்டுக் கேட்டு மலையை வரைய வேண்டும். பிறகு படத்தையும் உண்மையான போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். கூட யாராவது வரலாம் என்றார்கள். மலையே கிளம்பிப் போனது.

சின்ன அறை. சுவர் முழுக்கப் புத்தகக் கட்டுகள், நடுவே ஒரு மேசை, அதன்மேல் கவிழ்த்து வைத்த போட்டோ. வரைய வந்தவள் வெயிலில் காய்ந்து கறுத்த, நெட்டையான பெண். பதிப்பாசிரியை அம்மா படிக்க ஆரம்பித்தார். பென்சில் நகர நகர எனக்கு வியர்த்துக் கொட்டியது. கோல் வந்தது, மாடு போகிற அகலத்தில். பிரெஷ் வந்தது, ஒருக்களித்துப் போகிற இடுக்கில். தோள் வந்தது. உன் அக்கா என் மணிக்கட்டை நசுக்கினாள். நான் விசில் அடிக்காததுதான் பாக்கி.

அப்போது அந்தப் பெண் பென்சிலைத் தூக்கிக்கொண்டு கேட்டாள், "இந்த இடத்துல கூடாரம் போடலாமா?"

பதிப்பாசிரியை போட்டோவை எடுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. அங்கே இருந்தது 'வீர்'. செங்குத்துப் பாறையில் ஓர் அடி அகலத்துக்கு ஓடும் விளிம்பு. மேலே பாறை, கீழே பாதாளம். உன் அக்கா அதை 'அகலமான மேடை' என்று எழுதியிருந்தாள். "இதை நம்பி ஒருத்தர் ராத்திரி அங்க போய் நின்னா என்ன ஆகும்?" என்று கேட்டார் அந்த அம்மா. எங்கே இருந்து வந்தது இந்த மேடை என்றும் கேட்டார்.

உன் அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். தலையைக் குனிந்துகொண்டு, "அது எங்க வீட்டுக்காரரோட வயிறுங்க" என்றாள்.

மச்சான், மூன்று பெண்களும் சேர்ந்து என் வயிற்றைப் பார்த்தார்கள். நான் மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தேன். மேடை கொஞ்சமும் குறையவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. போச்சு, நம்மால் கெட்டது என்றுதான் நினைத்தேன். உன் அக்கா எழுந்து வந்துவிடுவாள் என்று நாற்காலியைக்கூடத் தள்ளிவிட்டேன். அவளோ கையை நீட்டி, "அந்த போட்டோவைக் குடுங்க" என்றாள். வெகுநேரம் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்து அந்த வரிகளை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். ஓர் அடி விளிம்பு, ஒவ்வொருவராகத்தான் போகலாம், முகம் பாறையைப் பார்த்திருக்க வேண்டும், நடுவில் நிற்க இடமில்லை. அதைப் படித்துக் காட்டியதும் அந்த நெட்டைப் பெண் மேடையை ரப்பரால் அழித்துவிட்டு, தலைமுடி போல ஒரு கோடு இழுத்தாள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தார்கள். அச்சு அசல்!

நாற்பது மலையும் உன் அக்காவுக்குத்தான்! அதற்குப் பிறகு அந்த அம்மா சிரித்த சிரிப்பில் காப்பி சிந்திவிட்டது. "அடுத்த மலைக்காவது ஒல்லியான ஆளாப் பாருங்க" என்றார். உன் அக்கா யோசிக்கவேயில்லை. "என் தம்பி இருக்கான். கழுத்தெலும்பு கத்தி மாதிரி இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள். வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மச்சான், அவள் வாய்விட்டுக் கூப்பிட மாட்டாள். நீயாகவும் வர மாட்டாய். ஒரே வயிற்றில் பிறந்த வீம்பு, யாரைக் குறை சொல்ல? ஆனால் இது தொழில் விஷயம். புத்தகத்தில் கத்தி முகடுகளே அதிகமாம், என் உடம்பில் அதற்கு வழியில்லை. லீவு போட்டுவிட்டு வா. மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் வேண்டாம். வந்து சட்டையைக் கழற்றிப் படு, மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். நீ நன்றாக இருக்க வேண்டும். வரும்வரை மட்டும் சாப்பாட்டைக் கொஞ்சம் அளவாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: இதை முடிக்கும்போது இரண்டாவது மலைக்குக் கூப்பிட்டாள், போய்ப் படுத்தேன். கட்டில் கால் ஒன்று முறிந்துவிட்டது. சிகரம் ஒரு முழம் தாழ்ந்திருக்கிறது. உன் அக்கா உயரத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். வேறு செய்தி இல்லை.