உன் பேரில் போன மோட்டார்

இன்று காலை எங்கள் வீட்டில் புது மோட்டார் மாட்டினார்கள். அதன் பக்கவாட்டில் ஒரு பார்கோடு ஸ்டிக்கர். "இதக் கிழிச்சுப்போடறனுங்க" என்று மாட்ட வந்தவர் நகத்தை வைத்தார். "வேண்டாம்" என்று கத்திவிட்டேன். மனுஷர் பயந்துபோனார். அந்தக் கறுப்புக் கோடுகளுக்குள் யாரோ ஒருத்தியின் பேர் இருக்கும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மோட்டார் கம்பெனியில் நான் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றினேன். நீ கடைசி டெஸ்டிங்கில் நின்றாய். மோட்டாரின் உடம்பில் கரண்ட் கசிகிறதா என்று பார்த்துவிட்டு, உன் கார்டை ஒருமுறை, ஸ்டிக்கரை ஒருமுறை ஸ்கேன் செய்வாய். அதற்குப் பிறகுதான் அது லாரி ஏறும்.

ஒரு நாள் டெஸ்டிங் மெஷின் பழுது. இருவரும் சாப்பிடப் போயிருந்தோம். கார்டு மேசையிலேயே இருக்க வேண்டும் என்பது மேனேஜரின் உத்தரவு. திரும்பி வந்தபோது லோடு கிளம்பிக்கொண்டிருந்தது. மேசையில் கிடந்த உன் கார்டை யாரோ ஸ்கேன் செய்து, எல்லா மோட்டார்களும் உன் பேரில் பாஸ் ஆகியிருந்தன.

"ஏனுங் சார், மெஷினே ஓடலீங்களே, எப்படிங்க அனுப்புனீங்க?" என்று மேனேஜரிடம் கேட்டாய்.

"பாத்துத்தாம்மா அனுப்பியிருக்கு. போய் வேலையப் பாரு."

மழைக்காலத்தில் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தோப்பில், மோட்டாரைத் தொட்ட கூலிக்காரர் அங்கேயே செத்துப்போனார். ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தார்கள். உன் பேர் வந்தது.

விசாரணையில், அந்த நேரம் நீ என்னோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய் என்று சொன்னேன். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாம்மா?" என்றார் மேனேஜர். உன்னை அன்றே வெளியே அனுப்பினார்கள். என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்து நின்றாய். "செத்துப்போனவிய ஊட்டுக்குப் போயிட்டு வந்துரலாம், வா அம்மிணி." வேண்டாம், அடிப்பார்கள் என்றேன். "அடிக்கட்டும்" என்றாய்.

அவர் மனைவி வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். நீ சுற்றி வளைக்கவில்லை. "அந்த மோட்டார டெஸ்ட் பண்ணுனதா இருக்கறது என் பேருங்க. ஆனா நான் அதத் தொடவே இல்லீங்க."

அவர் உன்னையே பார்த்தார். "நீங்க பாத்திருந்தா அவரு இருந்திருப்பாருங்களா?"

தெரியாது என்று நீ சொல்லியிருக்கலாம். நான் உன் கையைக்கூடப் பிடித்து இழுத்தேன்.

"இருந்திருப்பாருங்க" என்றாய்.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பஸ்ஸில் நீ பொள்ளாச்சி ரோட்டுத் தென்னைகளையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் உன்னைச் சேர்க்கவில்லை. விசாரிக்கிறவர்களிடமெல்லாம் பழைய கம்பெனி அதே கதையைச் சொன்னது. கயிறு மில்லில் தேங்காய் நார்த் தூசியைக் குடித்துக்கொண்டு கிடந்தாய். இருமல் நிற்கவே இல்லை. போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழவில்லை. அந்த மேனேஜர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

உன் காரியம் முடிந்த பிறகு அந்தக் கூலிக்காரரின் மனைவியிடம் சொல்லப் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அன்னிக்கு நானு ஒரு சொம்புத் தண்ணிகூடக் குடுக்கலீங்க" என்றார். "ஆனா அந்தக் கம்பெனியில இருந்து எங்க ஊட்டுக்கு வந்தது அந்த அம்மிணி மட்டுந்தானுங்க."

இது உனக்கு வர வேண்டிய சொல். உன்னிடம் சேர்க்க வழியில்லாமல் நானே வைத்திருக்கிறேன்.