மூன்றாவது ஓலை

ஆலந்தலை
28.1.2025

அன்புத் தங்கச்சி ஸ்டெபிக்கு, அக்கா ஆக்னஸ் எழுதுறது.

போன்ல பேசினா அழுதுருவேன், அதான் காகிதம். நீ ஹாஸ்டல்ல இருந்து கிளைட்டன் அம்மாவுக்குப் போன் போட்ட அன்னைக்கே எல்லாம் நின்னுபோச்சு. தடை ஏதும் உண்டான்னு கேட்டு ரெண்டு ஞாயிறு கோயில்ல எங்க கல்யாண ஓலை வாசிச்சாச்சு. மூணாவது வாசிக்கலை. நம்ம தாத்தாவும் அவன் தாத்தாவும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவங்கன்னு சொன்னியாம்ல? சபைச் சட்டப்படி தடை இல்லைன்னுதான் சாமியார் சொல்லுதாரு. ஊர் கேக்குமா? அண்ணன் தங்கச்சி முறைன்னு தண்ணிக்குழாய் வரைக்கும் பேச்சு.

ஏளா, நீ ஹிஸ்டரி படிக்கப் போறேன்னு நின்னப்போ, அதைப் படிச்சி என்ன கிழிக்கப் போறான்னு அப்பா குதிச்சாரு. நான்தானே சண்டை போட்டு யூனிவர்சிட்டிக்கு அனுப்பினேன்? அந்த உரிமையில கேக்கேன். அவங்க ஊர் ஞானஸ்நானப் பதிவேட்டை இன்னொரு தடவை பாரு. தவக்காலம் வந்துட்டா கல்யாணம் கிடையாது. வேற பொண்ணைப் பார்த்தாவது மார்ச் அஞ்சு சாம்பல் புதனுக்கு முன்னால முடிக்கணும்னு அவங்க வீட்டில நிக்காங்க. உன் பதிலுக்குத்தான் கிளைட்டன் காத்திருக்கான்.

உன் அக்கா,
ஆக்னஸ்


திருநெல்வேலி
4.2.2025

என் செல்ல அக்காவுக்கு,

திரும்பவும் பார்த்துட்டேன்க்கா. 1934, கிளைட்டன் தாத்தாவோட பதிவு. நம்ம பூட்டன் சூசை பேரு தெளிவா இருக்கு. நான் கேள்விப்பட்ட கதையைச் சொல்லலை, ஆவணம் சொல்லுது. ஓலை வாசிக்கும்போது தெரிஞ்சதை மறைச்சாத்தானே பாவம்? மூணாம் வருஷப் புராஜெக்ட்ல நான் போட்ட வம்ச அட்டவணையைப் பார்த்து எங்க மேடமே அசந்துட்டாங்க.

உனக்கு இதைவிட நல்ல மாப்பிள்ளை வருவான். நேரத்துக்குச் சாப்பிடு. அழாத.

அன்புடன்,
ஸ்டெபி


திருநெல்வேலி
12.3.2025

அக்கா,

திரும்பப் பார்த்தேன்னு சொன்னேன்ல, அது போன்ல எடுத்து வச்சிருந்த போட்டோவை. பிப்ரவரி 14ஆம் தேதிதான் அவங்க ஊர்க் கோயிலுக்குப் போய் ஒரிஜினலை விரிச்சேன். போட்டோவில ஓரம் விட்டுப்போயிருக்கு. அப்பா பேரு இருந்த கட்டமே அதில விழலை. சூசை கிளைட்டன் தாத்தாவுக்கு ஞானஸ்நானத்தில சாட்சியா நின்ன ஞானத்தகப்பன். அவ்வளவுதான். நமக்கும் அவங்களுக்கும் ஒரு ரத்த உறவும் இல்லை.

அன்னைக்கே சொல்லியிருக்கணும். புராஜெக்டை பைண்ட் பண்ணிக் கொடுத்தாச்சு, அட்டவணை தப்புன்னா மூணு வருஷமும் போச்சேன்னு பயந்துட்டேன். நேத்துதான் வைவா முடிஞ்சது. நான்தான் முதல் மார்க். நீங்க யாரும் போன் எடுக்க மாட்டேங்கீங்க. அடுத்த வாரம் வாரேன். கிளைட்டன் அம்மா கால்ல விழுந்து நானே சொல்லுதேன். என்னை மன்னிச்சிரு அக்கா.

உன் ஸ்டெபி


ஆலந்தலை
17.3.2025

ஸ்டெபி,

பிப்ரவரி பதினாலுன்னு சரியாத்தான் எழுதியிருக்கியா?

பதினஞ்சாம் தேதி சாயங்காலம் கிளைட்டன் வந்தான். வாசல்லயே நின்னுக்கிட்டு, உன் தங்கச்சி மறுபடி பார்த்தாளான்னு கேட்டான். அவளுக்கே சந்தேகம்னு ஒரு வார்த்தை சொல்லு, எங்க வீட்டை எதிர்த்துக்கிட்டு உன்னைக் கட்டுதேன்னான். உன் கடிதத்தை அவன் கையில கொடுத்தேன். அவ படிச்சவ, பொய் சொல்ல மாட்டா, நீ போயிருன்னு நான்தான் அனுப்பினேன். மறுநாள் பூசையில அவனுக்கும் ஒரு தூத்துக்குடிப் பொண்ணுக்கும் முதல் ஓலை வாசிச்சாங்க. மார்ச் மூணாம் தேதி கல்யாணம் முடிஞ்சிட்டு.

நீ யார் கால்லயும் விழ வேண்டாம். இப்ப போய் இதைச் சொன்னா அந்தப் பொண்ணு வாழ்க்கைதான் நாறும். அவ என்ன பாவம் செஞ்சா? என் வயிறு எரியுது, ஆனா நானும் வாயைத் திறக்க மாட்டேன்.

சாத்தான்குளத்தில ஒரு ஜவுளிக்கடையில வேலைக்குச் சேர்ந்துட்டேன். நாளையில இருந்து அங்கனயே தங்கல். கூடப்பிறந்தவங்க உண்டான்னு முதலாளியம்மா கேட்டாங்க. நான் ஒத்தப் பிள்ளைன்னு சொல்லிட்டேன்.

ஆக்னஸ்