பருந்து எண்ணப் போனவள்

செப்டம்பர் 24

அன்புள்ள வாண்டு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத எனக்கும் ஆசைதான். அம்மாவை என் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு நீ கிளம்பிய நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. வாதம் வந்த கையைத் தொட்டாலே கத்துகிறாள். உன் அண்ணிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நான் ஆபீசுக்கும் வீட்டுக்குமாக நாயாய் ஓடுகிறேன்.

நீயோ மலை உச்சியில் நாற்காலி போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். நீ எண்ணாவிட்டால் பருந்துகள் தெற்கே போகாதா? சிக்னல்கூட இல்லாத இடம். கடிதம் போட்டுத்தான் உன்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. உடனே வா.

அன்புடன்,
அண்ணன்

அக்டோபர் 1

அண்ணா,

சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. உன் கடிதம் மளிகை ஜீப்பில் வந்தது. அன்று பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எண்ணினேன்.

நாற்காலி போட்டு என்றாயே, ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார். வெயில் ஏறினதும் தேன்பருந்துகள் பள்ளத்தாக்கிலிருந்து கூட்டமாகச் சுற்றிச் சுற்றி மேலே வரும். அப்போது எண்ணினால் ஒன்றையே இரண்டு தடவை எண்ணிவிடுவோம். உச்சிக்குப் போய், இறக்கையை அடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கிப் போகுமே, அப்போதுதான் எண்ண வேண்டும். மேகம் இருந்தால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். வெறும் நீலமென்றால் கண் பூத்துப் போகும். விட்ட நாள் விட்டதுதான். இவை குறைகின்றனவா, பிழைத்துக் கிடக்கின்றனவா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இது என் வேலை, பொழுதுபோக்கு இல்லை. வருஷம் முழுக்க அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைப்பது நான். இலையுதிர் காலம் மட்டும் நீ என்று அம்மா, நீ, நான் மூன்று பேரும் உட்கார்ந்து பேசித்தானே முடிவெடுத்தோம்? பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினவன் நீ.

வாயின் இடது பக்கமாக ஊட்டு. அவசரப்படுத்தாதே. அவள் கத்துவது வலியால் இல்லை, நீ ரேடியோவை அணைப்பதால்.

வர மாட்டேன்.

தங்கை

அக்டோபர் 9

அன்புள்ள வாண்டு,

நான் எழுதினதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பாடு, நல்ல கவனிப்பு. கடைசிப் பறவை போகும்வரை நிதானமாக இருந்துவிட்டு வா. குளிருக்கு மஃப்ளர் கட்டிக்கொள்.

அண்ணன்

அக்டோபர் 19

அண்ணா,

நீ மஃப்ளர் கட்டிக்கொள்ளச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஜீப்பில் அடிவாரத்துக்கு இறங்கிப் போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார்.

"அத்தை அங்க நல்லாத்தான் இருக்காங்க."

"அங்கன்னா எங்க அண்ணி?"

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "உங்கண்ணன் உனக்கு எழுதலையா?" என்றார்.

நல்ல கவனிப்பு என்று எழுத உனக்குக் கை கூசவில்லை. முதியோர் இல்லம் என்று எழுத மட்டும் கூசியதோ? நான் போனபோது அம்மா சுவரைப் பார்த்துக் கிடந்தாள். புரட்டிப் போட ஆளில்லாமல் முதுகெல்லாம் புண். கை எட்டாத பக்கத்தில் தட்டு ஆறிக் கிடந்தது. என்னைப் பார்த்து அழவில்லை. "கையெழுத்து போடுறப்போ அவன் என் மூஞ்சியையே பாக்கல" என்றாள். அவ்வளவுதான்.

முடியவில்லை என்று உண்மையைச் சொல்லியிருந்தால் உன்னைத் திட்டியிருப்பேன். திட்டிக்கொண்டே கிளம்பியும் வந்திருப்பேன். நீ பொய் சொன்னாய். அவளை அழைத்து வரப் போனதில் இரண்டு நாள் எண்ணிக்கையும் போயிற்று. நல்ல காற்றடித்த நாட்கள். நான் எண்ணுவதை விட்டுவிட்டு வர வேண்டும் என்றுதானே நீயும் கேட்டாய்?

அம்மா இப்போது என்னோடு மலையில். எங்கள் பறவை ஆய்வு நிலையத்தின் தலைவர் கீழ் அறையைக் காலி செய்து கொடுத்தார். பகலில் நிலையத்துச் சமையல்கார அக்கா பார்த்துக்கொள்கிறார். அம்மாவுக்குப் பருந்தைக் கண்டாலே பிடிக்கவில்லை. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, இதுக்கா சம்பளம் தராங்க?" என்கிறாள். குளிர்காலத்திலும் எனக்கு இங்கே வேலை இருக்கிறது. இனி உன் முறை என்று ஒன்று கிடையாது. நீ வரவும் வேண்டாம்.

அம்மாவின் மகள்

அக்டோபர் 28

வாண்டு,

உனக்கு மட்டும்தான் கோபம் வருமா? குளியலறையில் அம்மாவைத் தூக்கப் போய்க் கீழே போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவளைத் தொடவே பயந்தேன். இதை உனக்கு எப்படி எழுதுவேன்? இவனுக்கு ஒரு தலையணையைக்கூட ஒழுங்காகத் தூக்க வராது என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறவள்தானே நீ?

நான் செய்தது தப்பு. ஆனால் வர வேண்டாம் என்று சொல்ல நீ யார்? அவள் எனக்கும் அம்மா. அவளைக் கேட்டு எழுது.

அண்ணன்

நவம்பர் 5

அண்ணா,

கேட்டேன். உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். நீ கீழே போட்டதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. ரேடியோவை அணைக்கச் சொன்னாள். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வரச் சொல்லு. நான் அவன்கிட்ட பேச மாட்டேன். வந்து என்னைத் தூக்கி வெளியில வெயில்ல உக்கார வைக்கட்டும். இந்தத் தடவை கெட்டியா பிடிச்சுக்கச் சொல்லு."

எனக்கு உன்மேல் ஆத்திரம் அடங்கவில்லை. நானும் பேச மாட்டேன். ஜீப் சனிக்கிழமை காலையில் அடிவாரத்திலிருந்து கிளம்பும்.

தங்கை