சின்ன வண்டியையே எடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகம், அப்பாவின் கோபமும் ஒரு குறைவில்லாமல் சுகமாக இருக்கிறது. அங்கே உனக்கு இருமல் விட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்லி என்னை மடக்கிவிடுவாய், நானும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வைத்துவிடுவேன். இது அப்படித் தலையாட்டி முடிக்கிற விஷயம் இல்லை.

நீ அனுப்பிய இரண்டு வண்டிப் படங்களையும் பிரிண்ட் எடுத்துச் சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு அங்கிருந்து நம் வீட்டு வாசல் வரைக்கும் பைக்கிலேயே வருகிறேன் என்று நீ சொன்ன அன்றைக்கு அப்பா, "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தேன் இல்ல, எனக்கு நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டார். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் பெண் வேறு எப்படி இருப்பாள் என்று நான் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு மட்டும் பயமில்லையா? ஆஸ்பத்திரி மாவுக்கட்டு அறையில் நின்று, பைக்கிலிருந்து விழுந்தவர்கள் கால்களுக்குக் கட்டுப் போட்டே பாதி ஆயுசைக் கழித்தவள் நான். ஆனால் பாதி வழிக்கு நான் விமானத்தில் வந்து இறங்க வேண்டும், மலையெல்லாம் தாண்டிய பிறகு கடல் ஓரமாகவே வீடு வரைக்கும் உன் பின்னால் உட்கார்ந்து வர வேண்டும் என்று சொன்னாய் பார், என் பயம் போன இடம் தெரியவில்லை. அதற்காகத்தான் அந்தப் பெரிய வண்டி, பின் சீட் அகலம், அம்மாவுக்கு முதுகு சாய வசதி என்று ஆசை ஆசையாகச் சொன்னாய். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மறுநாளே கடைக்குப் போய்க் கணுக்கால் மூடுகிற ஷூ வாங்கிவிட்டேன். வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகினேன். போலீஸ் வேலைக்குப் போகப் போறியா என்று தம்பி கேட்டான்.

அப்பாவுக்குக் கோபமெல்லாம் வாயில்தான். அவரிடம் கார் ஓட்டப் பழகிய பல் டாக்டரிடம் அதே பெரிய வண்டி இருக்கிறது என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார். உனக்கும் எனக்கும் ஒரே உயரம், ஒரே உடம்பு, சட்டையைக்கூட மாற்றிப் போட்டுக்கொள்கிறவர்கள் நாம், அதனால் என்னை நீயாக வைத்துப் பார்ப்பது அவர் கணக்கு. முதலில் டாக்டர் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அடடா, சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது, என் பழைய முதுகு வலி வாயே திறக்கவில்லை. இதுதான் வண்டி, இதையே வாங்கட்டும் என்று இறங்கியதுமே சொன்னேன். அப்பாவோ உன் சாமான் கனத்துக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் கேன்களைக் கட்டி, கீழே பழைய மெத்தையைப் போட்டு, வண்டியை அதன்மேல் சாய்த்துப் படுக்க வைத்தார். டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவர் பல்லையே யாரோ பிடுங்குகிற மாதிரி இருந்தது. அப்பா என்னிடம், "இப்ப நீதான் அவ. யாரும் இல்லாத மண் ரோட்டுல விழுந்து கிடக்கற. தூக்கு" என்றார்.

தூக்க முடியவில்லை பட்டு. முதுகைத் திருப்பி, இடுப்பைச் சீட்டில் முட்டுக்கொடுத்து, காலால் எம்பு என்று அவர் சொன்னபடியெல்லாம் செய்தேன். நோயாளிகளைத் தூக்கித் தூக்கிப் பழகிய உடம்புதான் இது. வண்டி ஒரு சாண் எழுந்து திரும்பப் படுத்துக்கொண்டது. டாக்டர் கை கொடுக்க வந்தபோது அப்பா தடுத்து, "அங்க யாரு வருவா" என்றார். கடைசியில் மெத்தை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா முகத்தில் இருந்த பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அங்கிருந்து நேராக அப்பாவின் டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரே இருக்கிற மெக்கானிக் கடைக்குப் போனோம், நீ வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தச் சின்ன வண்டியைப் போலவே ஒன்று அங்கே விற்பனைக்கு நின்றது. அதே கேன்களைக் கட்டி அதையும் படுக்க வைத்தார். மூச்சு வாங்கியது, ஆனால் நிமிர்த்திவிட்டேன். மெக்கானிக் கை தட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார். அந்த வண்டியின் பின் சீட் வெறும் பலகை. உட்கார்ந்தும் பார்த்தேன், தெரு முனை திரும்புவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது, இறக்கிவிட அப்பாவும் மெக்கானிக்கும் சேர்ந்து கை கொடுக்க வேண்டியதாயிற்று.

அதனால்தான் சொல்கிறேன், எனக்காகப் பெரிய வண்டியை வாங்காதே. நான் வந்து சேருகிற இடத்துக்கு முன்னால் எத்தனையோ தூரம் நீ தனியாக வர வேண்டும். நான் சின்னப் பெண், எனக்குப் பலம் அதிகம் என்று வாதாடுவாய். பசியோடும் காய்ச்சலோடும் இருக்கிற ஒரு நாளில் உனக்கும் என் பலம்தான் இருக்கும். எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. வருத்தம்தான். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறேனே தவிர, சும்மா போகலாம் வா என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. நீதான் கூப்பிட்டாய். இதைக் கொஞ்ச வருஷம் முன்னால் கேட்டிருக்கக் கூடாதா என்று உன்மேல்கூடக் கோபம் வருகிறது, நியாயமில்லாத கோபம்தான், பொறுத்துக்கொள். வண்டியில் உட்கார்ந்தபடி நிறுத்தினால் இரண்டு பாதமும் தரையில் படுகிறதா என்று பார்க்கச் சொன்னார் அப்பா. எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றிப் பூட்டத் தெரிந்த வண்டியாக இருக்க வேண்டுமாம். மீதியை அவரே சொல்வார், ஆனால் நீதான் முதலில் போனில் கூப்பிட வேண்டுமாம்.

வழியெல்லாம் நல்ல மனிதர்களாகவே உனக்கு வாய்க்கட்டும், விழுந்தாலும் எழுந்து நிற்கிற தெம்பு உனக்கு எப்போதும் இருக்கட்டும். இருட்டின பிறகு ஓட்டாதே. ஒன்று மட்டும் மறக்காதே, வண்டி கைக்கு வந்த அன்றைக்கே அந்தப் பின் சீட்டைக் கழற்றிவிட்டுச் சாமான் பெட்டியைப் பூட்டிப் படம் அனுப்பு. சீட்டோடு பார்த்தால் நான் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

வாசலிலேயே நிற்கப் போகிற,
உன் அம்மா