செவலையை நான் கட்டவில்லை

அன்புள்ள அண்ணனுக்கு,

காலையிலிருந்து அண்ணி மாட்டுக் கொட்டகையில் தேங்காய் மட்டையைப் புகைய விட்டிருக்கிறார். கொசு விரட்டும் அந்தப் புகை, காற்றில்லாததால் தரையோடு படர்ந்து என் சமையலறை வரை வந்துவிட்டது. உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை அது. வெளியே வந்து பார்த்தேன். ஆற்றுப் பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது. நீரிணையில் மறுபடியும் புயல், தொடர் மழைக்கும் பலத்த காற்றுக்கும் ஆயத்தமாக இருங்கள் என்று கைப்பேசியில் எச்சரிக்கை வந்திருக்கிறது.

போன மாதப் புயலில் நம் செவலை மாடு செத்துப்போனது, அண்ணே. அதை உங்களிடம் சொல்லாமல் இந்தப் புயலுக்கு ஆயத்தமாக எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் கண்ணை மூடி இது இரண்டாவது மழைக்காலம். கம்பெனி தோட்டத்தை விற்று, நாம் குடியிருந்த லயத்தை இடித்து, நம்மை இந்தத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு அனுப்பியபோது எல்லாரும் கட்டிலையும் பீரோவையும் லோரியில் ஏற்றி வந்தார்கள். நீங்கள் மாடுகளை நடத்திக்கொண்டு வந்தீர்கள். தமிழ்ப் பள்ளியில் ஆசிரியராக இருந்த நான் உங்களுக்கு அடுத்த வீட்டையே வாங்கினேன். ஆனாலும் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. சிறு வயதில் ஒரு மாடு முட்டித் தள்ளியதிலிருந்து எனக்குள் இருந்த பயம் போகவே இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் உங்களோடு பேசுவேன். அதற்காக நீங்கள் ஒருநாளும் சிரித்ததில்லை. பேச்சு முடியும்வரை மாட்டின் முகத்தை வேறு பக்கம் திருப்பிப் பிடித்திருப்பீர்கள்.

செவலை தாயில்லாக் கன்றாகப் புட்டிப் பால் குடித்த வருடம் வந்த வெள்ளத்தை இன்று நினைத்துக்கொண்டேன். அன்று மதியம் நல்ல வெயில். நீங்கள் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்து, ஒவ்வொரு மாடாக அவிழ்த்து, தோட்டத் துரையின் பங்களா இருந்த மேட்டுக்கு ஓட்ட ஆரம்பித்தீர்கள். கரையோரம் மாடு வைத்திருந்த மாணிக்கம் வழியில் நின்று கேலி செய்தார்.

"என்னாண்ணே, மாடெல்லாம் பிக்னிக் போவுதா?"

"ஆமா. இன்னும் ஒரு எடம் காலியா இருக்கு, வர்றியா?"

"வெயிலு மண்டைய பொளக்குது லா! அவுத்து விட்டா எவன் வீட்டுக் கீரையில போய் வாய வைக்குமோ. நாளைக்கு என்கிட்ட வந்து சண்டைக்கு நிப்பான்."

"நின்னா நிக்கட்டும். கயிறு நனைஞ்சா முடிச்சு இறுகிப்போவும் மாணிக்கம். புயல்ல மாட்ட கட்டாதே. அவுத்து விட்டா பொழைக்கிற வழிய அதுவே பாத்துக்கும்."

அவர் அவிழ்க்கவில்லை. தண்ணீர் வடிந்தபோது அவருடைய மாடுகள் முளைக்குச்சிகளைச் சுற்றியே கிடந்தன. வயிறு ஊதி, கயிறு கழுத்துக்குள் புதைந்திருந்தது. மாணிக்கம் மண்வெட்டியைப் பிடித்தபடி வெறுமனே நின்றார். நீங்கள் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அவரோடு சேர்ந்து பொழுது சாயும்வரை குழி வெட்டினீர்கள். அந்த நாற்றம் வெகுநாள் தாமானிலேயே தங்கியிருந்தது. 'புயல்ல மாட்ட கட்டாதே' என்ற உங்கள் சொல் எனக்குள் விதியாகப் பதிந்தது அப்போதுதான். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எதையும் அவ்வளவு உறுதியாக நம்பியதில்லை.

போன மாதம் எச்சரிக்கை வந்ததும் என் வழக்கப்படி எல்லாவற்றையும் செய்தேன். வடிகாலில் அடைந்திருந்த இலைகளை வாரினேன். கூரைத் தகரத்தைக் கம்பியால் இறுக்கினேன். குளிர்பெட்டியைக் கல்லின் மேல் தூக்கி வைத்து, பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, காரைச் சாலை பார்த்து நிறுத்தினேன். பிறகு அண்ணியைக் கூப்பிடப் போனேன். பள்ளி மண்டபத்தை நிவாரண மையமாகத் திறந்துவிட்டார்கள், இருட்டுவதற்குள் போய்விடலாம் என்றேன். அண்ணி கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். கறுப்புப் பசு அப்போதுதான் கன்று போட்டிருந்தது.

"கன்னுக்குட்டிய விட்டுட்டு இது நகராது தம்பி. இதெல்லாம் இங்க இருந்தா நானும் இங்கதான்."

"அண்ணி, தண்ணி வந்துரும்."

"வரட்டும். அவரு மாட்ட நம்பி என்னைய விட்டுட்டுப் போகல. என்னைய நம்பி மாட்ட விட்டுட்டுப் போனாரு."

கடைசியில் என் காரைக் காட்டி வழி சொன்னதும் அண்ணிதான். "உங்க காடியில ஏத்துங்க. குட்டி போனா தாய் போவும். தாய் போனா மத்தது போவும்."

ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த எதிர்வீட்டு ராஜூ, கன்றைத் தூக்கிப் பின் இருக்கையில் வைத்தான். "அங்கிள், ரிட்டையர் ஆயிட்டு டாக்சி ஓட்டுறீங்களா? பேசஞ்சருக்கு சீட் பெல்ட் போட்டாச்சா லா?" என்றான். அண்ணிகூடச் சிரித்துவிட்டார். தூறலில் முதல் கியரிலேயே போனேன். கன்று ஜன்னல் வழியே தலையை நீட்டிக்கொண்டு வந்தது. கறுப்புப் பசு கத்திக்கொண்டே காரை ஒட்டி நடந்தது. மற்றவை அதன் பின்னால். எல்லாவற்றுக்கும் கடைசியாக, மனமில்லாமல், செவலை.

மேட்டில் துரை பங்களா போய்விட்டது; கார் நிறுத்தும் இடத்தின் சிமெண்டுக் கூரை மட்டும் நிற்கிறது. கன்றை அதன் கீழ் இறக்கியதும் பசு வந்து நக்கத் தொடங்கியது. மற்றவையும் ஒதுங்கின. செவலை மட்டும் வெளியில் நின்று தாமானையே பார்த்துக்கொண்டிருந்தது. என் கையில் கயிறு இருந்தது.

"செவலைய கட்டிடலாமா தம்பி?" என்று அண்ணி கேட்டார்.

சுற்றிலும் செம்பனை மரங்கள் காற்றில் ஆடின. ஒன்று சாய்ந்தால், கட்டிய மாடு எங்கே ஓடும்? மாணிக்கத்தின் மாடுகள் கண்ணுக்குள் வந்தன. "வேணாம் அண்ணி. அண்ணன் கட்டமாட்டாரு," என்றேன். அண்ணி என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

அன்றிரவு நாங்கள் பள்ளி மண்டபத்தில் இருந்தபோது வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்து திரும்பியபோது மேட்டில் ஒரு மரமும் விழவில்லை. கறுப்புப் பசுவும் கன்றும் மற்றவையும் அங்கேயே இருந்தன. செவலை கொட்டகையில் இருந்தது. தன் இடத்தில், கால்களை மடித்து, சேற்றில் பாதி புதைந்து. கழுத்தில் கயிறு இல்லை. இருட்டில், ஏறிக்கொண்டிருந்த தண்ணீருக்குள் தானாகவே நடந்து வந்து, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றிருக்கிறது. நானும் ராஜூவும் குழி வெட்டினோம். அதன் நெற்றியிலிருந்த சேற்றை நான் கையால் துடைத்தேன். பயமில்லாமல் நான் தொட்ட முதல் மாடு அதுதான்.

அன்று மாலை அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மாணிக்கம் மாடெல்லாம் செத்த அந்த வெள்ளத்துலயும் செவலைய மட்டும் மேட்டுல கட்டித்தான் போட்டாரு. குட்டியிலயே அது கொட்டாய்க்குத்தான் திரும்பி ஓடும். கட்டிட்டு விடியிற வரைக்கும் அது பக்கத்துலயே நின்னாரு, மரம் விழுந்தா அவுத்து விடணும்னு."

"எனக்குத் தெரியாதே அண்ணி."

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. தம்பிக்குத் தெரிஞ்சா துணைக்கு வந்து நிப்பான், அவனுக்கு மாடுன்னா பயம்னாரு."

"அன்னிக்கு மேட்டுல ஏன் நீங்க சொல்லல?"

"படிச்சவரு இவ்வளவு உறுதியா சொல்றீங்க. சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நீங்கள் ஊருக்குச் சொன்னதை எனக்கும் சொன்னீர்கள், அண்ணே. நீங்கள் செய்ததை மட்டும் எனக்குச் சொல்லவில்லை. என் பயத்துக்காக மறைத்தீர்கள். அந்தப் பரிவை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். உங்கள் மேல் வருத்தப்படவும் முடியவில்லை. அன்று உறுதியாகப் பேசிய என்னை மன்னிக்கவும் முடியவில்லை.

சற்று முன்பு அண்ணியிடம் என் முடிவைச் சொன்னேன். ராஜூ அவரைப் பள்ளி மண்டபத்தில் கொண்டுபோய் விடுவான். நான் மாடுகளோடு மேட்டில் இருக்கப் போகிறேன்.

"உங்களுக்குத்தான் மாடுன்னா பயமாச்சே."

"ஆமா அண்ணி."

"அப்புறம்?"

"பயந்துகிட்டே நிக்கறேன்."

அண்ணி தடுக்கவில்லை. மழை தொடங்கிவிட்டது. கன்றைக் காரில் ஏற்றியாகிவிட்டது. நான் செய்வது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. கயிறும் எடுத்துக்கொண்டேன், கயிற்றை அறுக்க அரிவாளும் எடுத்துக்கொண்டேன். எது தேவைப்படும் என்று அங்கே போய் நின்றால்தான் தெரியும்.

உங்கள் தம்பி